அவன் வேணும்னு செய்யலை!

முதலில் கண் சிமிட்டல்தான் ஆரம்பித்தது.

ஏழு வயதுப் பையன். சாப்பிடும்போதும் டி.வி. பார்க்கும்போதும் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். "ஓயாம டி.வி. பார்த்தா இப்படித்தான்" என்றார் அப்பா. கண் டாக்டரிடம் காட்டினார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு மாதத்தில் சிமிட்டல் தானாகவே நின்றது. வீட்டில் எல்லோரும் அதை மறந்தும் போனார்கள்.

அடுத்து, தலையை வெடுக் வெடுக்கென்று ஒரு பக்கமாக வெட்ட ஆரம்பித்தான். பிறகு தொண்டைச் செருமல். சளி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். செருமல் போய் 'ஹுக்... ஹுக்' என்று ஒரு சத்தம் வந்தது. "யார் கண்ணு பட்டுதோ!" என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டார். பள்ளிக்கூட டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது: 'வகுப்பில் வேண்டுமென்றே சத்தம் போடுகிறான்.'

அன்று ராத்திரி அப்பா கை ஓங்கிவிட்டார். "நிறுத்துடா! உன்னால நிறுத்த முடியும்னு எனக்குத் தெரியும்!"

பையன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிறுத்தினான்.

"பார்த்தியா? அப்போ வேணும்னுதானே பண்றே?"

மூன்றாவது நிமிஷம், முன்பைவிடப் பலமாக வந்தது அந்தச் சத்தம்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த சம்பவம் அல்ல. டூரெட் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் வழக்கமாக நடப்பதைச் சேர்த்துச் சொன்ன கதை. இதில் எல்லோரையும் ஏமாற்றுவது அந்த இரண்டு நிமிஷம்தான். 'கொஞ்ச நேரம் நிறுத்த முடிகிறது. அப்படியானால் முழுக்க நிறுத்தவும் முடியும்' என்று பெரியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு! ஏன் தப்பு என்று புரிந்துவிட்டால், அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சின்ன சோதனை. கீழே ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிஷம் முழுக்கக் கண்ணைச் சிமிட்டக் கூடாது. யாரையாவது கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கூடையில் 36 மாம்பழங்கள். அதில் 9 அழுகிவிட்டன. மீதியை மூன்று வீட்டுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் வீட்டுக்கு எத்தனை? எல்லா வீட்டிலும் ஆளுக்கு இரண்டு பழம் சாப்பிட்டு, வீட்டுக்கு ஒரு பழம் மிஞ்சினால், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர்?

என்ன ஆயிற்று? முதல் சில விநாடிகள் சுலபம். அப்புறம் கண் எரிந்தது. கணக்கு ஒரு பக்கம் இருக்க, மனசு முழுக்கக் கண்ணிலேயே நின்றது. கடைசியில் சிமிட்டியே விட்டீர்கள். சிமிட்டியதும் 'அப்பாடா' என்று இருந்தது. விட்ட கையோடு நாலைந்து தடவை சேர்த்துச் சிமிட்டினீர்கள். மாம்பழக் கணக்கை இன்னொரு தடவை படிக்க வேண்டியிருந்தது, இல்லையா? (வீட்டுக்கு 9 பழம், 4 பேர்.)

டூரெட் உள்ள குழந்தைக்கு இதேதான் நடக்கிறது. அசைவு வருவதற்குச் சற்று முன்னால் கழுத்திலோ, தொண்டையிலோ, தோளிலோ ஒரு குறுகுறுப்பு, ஓர் இறுக்கம் ஏறும். அந்த அசைவைச் செய்தால்தான் அது அடங்கும். சின்னக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது. பத்து வயதுக்கு மேல் பலர் தெளிவாகவே சொல்வார்கள். அடக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு. அடக்க அடக்க உள்ளே அவஸ்தை கூடும். அடக்குகிற வேலையில் பாடம் காதில் ஏறாது.

நீங்கள் ஒரு நிமிஷம் பட்ட பாட்டை, ஒரு குழந்தை வகுப்பில் ஐந்து ஆறு மணி நேரம் படுகிறது.

இது என்ன வியாதி?

தானாக, திடீரென்று, திரும்பத் திரும்ப வரும் இந்த அசைவுகளையும் சத்தங்களையும் டாக்டர்கள் 'டிக்' என்கிறார்கள். கடிகாரத்தின் 'டிக் டிக்' அல்ல. இது வேறு வார்த்தை.

கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், வாயைக் கோணுதல், தோளைக் குலுக்கல், தலையை வெட்டுதல் எல்லாம் அசைவு டிக். செருமல், மூக்கை உறிஞ்சுதல், உறுமல், கீச்சென்ற ஒலி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் எல்லாம் சத்த டிக். சிலருக்கு எழுந்து குதிப்பது, பொருளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போன்ற பெரிய அசைவுகளும் வரும்.

எப்போது அதை டூரெட் என்பார்கள்? இரண்டோ அதற்கு மேலோ அசைவு டிக்குகள், குறைந்தது ஒரு சத்த டிக், முதல் டிக் ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், 18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். வேறு வியாதியாலோ மருந்தாலோ வந்ததாக இருக்கக் கூடாது. எல்லா டிக்கும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே ஓர் ஆறுதல் செய்தி. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு வரை ஏதாவது ஒரு டிக் சில காலம் வந்து போகலாம். அதில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் தானே மறைந்துவிடும். ஆகவே கண் சிமிட்டுகிற குழந்தைக்கெல்லாம் டூரெட் என்று பதறாதீர்கள். ஆயிரம் பள்ளிக் குழந்தைகளில் சுமார் 3 முதல் 8 பேருக்கு டூரெட் இருக்கும் என்பது மதிப்பீடு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

பொதுவாக 5 முதல் 7 வயதில், முகத்தில்தான் தொடங்கும். 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும். பதின்வயது முடிவதற்குள் பலருக்கு நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு அறவே நின்றும் போகும். இன்னும் சிலருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் தொடரும். ஆயுளுக்கு இதனால் ஆபத்து இல்லை. புத்திக்கும் குறைவில்லை.

பெயர் எப்படி வந்தது?

பாரிஸ் நகரத்து சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் ஷார்கோ என்ற புகழ்பெற்ற நரம்பியல் பேராசிரியர் இருந்தார். அவரிடம் பணியாற்றிய இளம் டாக்டர் ஜார்ஜ் ழில் த லா டூரெட், 1885-ல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஷார்கோ அந்த வியாதிக்குத் தன் சீடரின் பெயரையே வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், இது மனசில் அடக்கி வைத்த ஆசைகளால் வருவது, வளர்ப்பில் உள்ள கோளாறு என்றெல்லாம் பலர் நம்பினார்கள். பழி கடைசியில் பெற்றோர் தலையில் விழுந்தது. 1960-களில் அமெரிக்காவில் ஷாப்பிரோ என்ற தம்பதி ஹாலோபெரிடால் என்ற மருந்தால் டிக்குகள் குறைவதைக் காட்டினார்கள். கோளாறு மூளையில் இருக்கிறது என்ற எண்ணம் அதன் பிறகு பலமாக வேரூன்றியது.

இன்று தெரிந்தது இதுதான். மூளையின் ஆழத்தில் 'பேசல் கேங்லியா' என்று சில பகுதிகள் இருக்கின்றன. எந்த அசைவை வெளியே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி! அந்தக் காவல் சற்றுத் தளர்ந்திருப்பதால், வேண்டாத அசைவுகளும் நழுவி வெளியே வந்துவிடுகின்றன. டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பரம்பரையாக வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் இன்ன ஒரு ஜீனால்தான் வருகிறது என்று ஒற்றைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே, தாய்மார்களே... நீங்கள் செல்லம் கொடுத்ததாலோ, வேலைக்குப் போனதாலோ, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலோ இது வரவில்லை.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

"ஸ்கூல்ல சும்மா இருக்கான், வீட்டுக்கு வந்தாத்தான் ஆரம்பிக்கிறான். நடிக்கிறானா?"

இல்லை. நாலு பேர் கேலி செய்வார்களே என்று பகல் முழுக்கக் கட்டுப்படுத்தி வைக்கிறான். வீட்டு வாசலை மிதித்ததும் கட்டு அவிழ்கிறது. உங்களிடம் பயமில்லை என்பதால்தான் உங்கள் முன்னால் விடுகிறான். பள்ளியிலிருந்து வந்தவுடன் அரை மணி நேரம் டியூஷன், ஹோம்வொர்க் எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

"போன மாசம் நல்லா இருந்தான். இப்ப மறுபடி வந்துடுச்சே?"

ஏறுவதும் இறங்குவதும், ஒன்று போய் இன்னொன்று வருவதும் இதன் சுபாவம். பரீட்சை, தூக்கமின்மை, ஜுரம், பயம் எல்லாம் கூட்டும். தீபாவளி, ஊருக்குப் போவது போன்ற சந்தோஷப் பரபரப்பும் கூட்டும். ஒரு விஷயத்தில் மனசு ஒன்றினால், உதாரணமாகப் பாட்டு, விளையாட்டு, படம் வரைதல், பலருக்குக் குறையும். தூங்கும்போது வெகுவாகக் குறைந்துவிடும்.

"இது ஃபிட்ஸா?"

இல்லை. டிக் வரும்போது குழந்தைக்கு நினைவு தெளிவாக இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லும். நினைவு தப்பினால், கண் சொருகினால், பேச்சு பாதியில் நின்று குழந்தை விழித்தபடியே இருந்தால், அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

"இந்த வியாதி வந்தா கெட்ட வார்த்தை பேசுவாங்களாமே?"

சினிமாவில் அதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் பத்தில் ஒருவருக்குத்தான் அது வருகிறது. அப்படி வந்தாலும் அது தும்மல் மாதிரி வாயிலிருந்து விழும் சொல். யாரையும் திட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அதிகம் கூசிப்போகிறவர் அதைச் சொல்ல நேர்ந்தவரே.

மேடை ஏறிய பையன்

அமெரிக்காவில் பிராட் கோஹென் என்று ஒருவர். 1973-ல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கழுத்து வெட்டும். நாய் குரைப்பது போலச் சத்தம் வரும். வகுப்பு முன்னால் நிறுத்தி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்ன ஆசிரியையும் அவர் வாழ்க்கையில் உண்டு.

ஒரு நாள் பள்ளியில் இசை நிகழ்ச்சி. பிராடின் சத்தம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பள்ளி முதல்வர் அவரை மேடைக்கு அழைத்தார். தண்டனை என்றுதான் பையன் நினைத்தான். முதல்வரோ, எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டார். 'உனக்கு இந்தச் சத்தம் பிடித்திருக்கிறதா? நிறுத்த முடியுமா? ஏன் வருகிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' பையன் பதில் சொன்னான்: பிடிக்கவில்லை, நிறுத்த முடியாது, இது ஒரு வியாதி, மற்றவர்களை நடத்துவது மாதிரியே என்னையும் நடத்தினால் போதும். மண்டபமே கை தட்டியது.

சில நிமிஷப் பேச்சு. ஆனால் அன்றுதான் அவருக்கு ஆசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை விழுந்தது. படித்து முடித்து வேலைக்குப் போனபோது 24 பள்ளிகள் மறுத்தன. 25-வது பள்ளி வேலை கொடுத்தது. 1997-லேயே ஜார்ஜியா மாநிலத்தில் சிறந்த புது ஆசிரியர் விருது வாங்கினார். அவர் 2005-ல் எழுதிய புத்தகத்தைத் தழுவித்தான் 2018-ல் ராணி முகர்ஜி நடித்த 'ஹிச்கி' என்ற இந்திப் படம் வந்தது. ஹிச்கி என்றால் விக்கல். பொருத்தமான பெயர். விக்குகிறவனை 'நிறுத்து' என்று யாராவது அடிப்பார்களா?

பிராடின் டிக் மாறவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. மாற்றம் அவ்வளவுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கவனிக்காத மாதிரி இருங்கள். 'கண்ணைச் சிமிட்டாதே' என்று நினைவுபடுத்தினாலே சிமிட்டல் கூடும். கேலி வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், 'இன்னிக்குப் பண்ணாம இருந்தா ஐஸ்க்ரீம்' என்ற பேரமும் வேண்டாம்.

டிக்குக்கு மன்னிப்பு, தவறுக்குக் கண்டிப்பு. டூரெட் இருக்கிறது என்பதற்காக, தங்கையை அடித்தால் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. எல்லாக் குழந்தைக்கும் உள்ள சட்டம் இவனுக்கும் உண்டு.

தாத்தா பாட்டிக்குச் சொல்லிவிடுங்கள். "இது காத்து கருப்பு இல்லை பாட்டி, நரம்பு சம்பந்தப்பட்டது" என்று பொறுமையாகச் சொன்னால் அவர்களைவிடப் பெரிய துணை கிடையாது. கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போங்கள். ஆனால் வேப்பிலை அடி, சூடு என்று குழந்தையைத் துன்புறுத்த யாரையும் விடாதீர்கள்.

விருந்தாளிகளுக்கு ஒரே வரி போதும். "அவனுக்கு டூரெட்னு ஒரு நரம்புக் கோளாறு. தானா வரும். நீங்க கண்டுக்காம பேசுங்க." இந்த வரியைக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்கள். பஸ்ஸில் யாராவது முறைத்தால் தானே சொல்லிக்கொள்வான்.

வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள், வருஷ ஆரம்பத்திலேயே. டாக்டரின் கடிதம் இருந்தால் நல்லது. கேட்க வேண்டியது அதிகமில்லை: முடியாதபோது ஐந்து நிமிஷம் வெளியே போய்வர அனுமதி, எல்லோரும் திரும்பிப் பார்க்காத மாதிரி ஓர் இடம், பரீட்சைக்கு முடிந்தால் தனி அறை, மற்ற பிள்ளைகளிடம் ஒரு விளக்கம்.

சிகிச்சை உண்டா?

வேரோடு தீர்க்கும் மருந்து இன்று இல்லை. 'மூணே மாசத்துல குணம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள். ஆனால் கட்டுப்படுத்த நல்ல வழிகள் இருக்கின்றன.

முதலில் குழந்தை நல டாக்டரிடம் காட்டுங்கள். அவர் நரம்பியல் அல்லது மனநல டாக்டரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த இரண்டு பிரிவுகளும் உண்டு. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ டூரெட் தெரியாது. பேசிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். டாக்டர் முன்னால் குழந்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனவே வீட்டில் செல்போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள்.

டிக் லேசாக இருந்து, குழந்தைக்கும் தொந்தரவில்லை என்றால் சிகிச்சையே தேவைப்படாது. விளக்கமும் ஆதரவும் போதும்.

தொந்தரவாக இருந்தால், முதலில் பழக்கப் பயிற்சி. குறுகுறுப்பு ஏறுவதைக் குழந்தையே கண்டுகொள்ளப் பழக்குவார்கள். அது ஏறும்போது டிக் வர முடியாதபடி வேறோர் அசைவைச் செய்யச் சொல்லித் தருவார்கள். தலையை வெட்டும் குழந்தை, தாடையை மெல்ல உள்ளிழுத்துக் கழுத்தை நேராக வைத்துக்கொள்ளும். சத்தம் வரும் குழந்தை, மூக்கால் நிதானமாக மூச்சு விடும். வெறுமனே அடக்குவது அவஸ்தையைக் கூட்டும். இதில் குறுகுறுப்பு தானே தணியும் வரை அந்த அசைவிலேயே இருப்பதால், அது நாளடைவில் வலுவிழக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52.5 சதவீதம் பேருக்கு, நல்ல முன்னேற்றம். வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம் பேருக்குத்தான். பயிற்சி பெற்ற நிபுணரிடம் கற்க வேண்டியது இது. 'அதைச் செய்டா, இதைச் செய்டா' என்று வீட்டில் விரட்டினால் பலன் தலைகீழாகிவிடும்.

அடுத்து மருந்து. குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவற்றை டாக்டர் தேவைக்கேற்பக் கொடுப்பார். தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற பக்க விளைவுகள் வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. டூரெட் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக்குறைவு, திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற எண்ணச் சுழல், பதற்றம் இவற்றில் ஏதாவது கூடவே இருக்கும். பல குழந்தைகளுக்குப் படிப்பைக் கெடுப்பது டிக்கைவிட இவைதான். டாக்டரிடம் இவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.

டிக்கினால் கழுத்து வலி, காயம் ஏற்பட்டாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று குழந்தை ஒரு தடவை சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை. உடனே டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-லும் எந்நேரமும் பேசலாம்.

பெரியவர்கள் ஆனபின்?

டூரெட் உள்ளவர்கள் ஆசிரியர்களாக, டாக்டர்களாக, பாடகர்களாக இருக்கிறார்கள். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் பெல்ஜியத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பல கோல்களைத் தடுத்த அமெரிக்க கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட் உண்டு.

"சரி... கல்யாணப் பேச்சு வந்தா மறைச்சிடலாமா?" மறைக்காதீர்கள். நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. புது வீட்டில் போய் ராப்பகலாக டிக்கை அடக்கிக்கொண்டு வாழ்வதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பிறக்கும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். வந்தே தீரும் என்பதில்லை.

இப்போது அந்த ஏழு வயதுப் பையனிடம் திரும்பி வருவோம். அடுத்த தடவை 'ஹுக்' என்று சத்தம் வரும்போது அவன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். கோபம் தெரிகிறதா என்று தேடுவான். அவன் தலையைத் தடவி, "தெரியும்டா கண்ணா, நீ வேணும்னு பண்ணலை. அதுபாட்டுக்கு வரட்டும், நீ சாப்பிடு" என்று சொல்லிப் பாருங்கள்.

அடக்க வேண்டிய அவசியம் இல்லாத ஓர் இடமாவது அவனுக்கு வேண்டும். அது உங்கள் வீடாக இருக்கட்டும்.